பத்து நொடி விளையாட்டுக்கு நான் கொடுத்த 26,600 ரூபாய்

போன வாரம் தம்புச் செட்டித் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பர்மா பஜாரில் பழைய 3டிஎஸ் (நிண்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் மெஷின்) ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் சம்பளம் வந்ததும் வாங்கப் போவதாகவும் சொன்னார். எதுக்குப்பா என்று கேட்டேன். “என்இஎஸ் ரீமிக்ஸ் ஆடணும்ணா, சின்ன வயசுல ஆடின மரியோ, பைக் ரேஸ் எல்லாம் குட்டிக் குட்டியா வருமாம்” என்றார். எனக்குப் பகீர் என்றது. டீ ஆறிப்போனது தெரியாமல் அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே அவரிடம் பேசினேன். அவரிடம் சொன்னதை எல்லாருக்குமாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். 2023 அக்டோபரில் நான் அந்தக் கடை முன்னால் நின்றபோது இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

முதலில் ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில். 96, 97 வாக்கில் எங்கள் தெருக் கோடியில் ஒரு அண்ணன் தன் வீட்டு முன்னறையில் இரண்டு டிவியை வைத்து வீடியோ கேம் விட்டிருந்தார், அரை மணிக்கு 5 ரூபாய். மஞ்சள் கேசட், கறுப்புக் கேசட், 64 இன் 1, எல்லாம் இருக்கும். கேசட் ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதிப் போடுவோம், திரை நடுங்கி அப்புறம் மரியோ வரும். நிண்டெண்டோ என்ற பேரே அன்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பெட்டிகள் எல்லாம் ஜப்பானில் 1983ல் வந்த ஃபேமிகாமின் நகல்கள் என்பதும், அதுவே அமெரிக்காவில் 1985ல் என்இஎஸ் என்ற பேரில் வேறு உருவத்தில் போனது என்பதும் எனக்குத் தெரிந்தது முப்பது வயதுக்கு மேலே. எங்களுக்கு அது டிவி கேம், அவ்வளவுதான். அம்மா ரேஷனுக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்து ஆடியிருக்கிறேன், அதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் இருபத்தைந்து வருஷம் அதை நினைக்கவே இல்லை. ஒருநாள் ராத்திரி போனில் ஒரு வீடியோ வந்தது. டாங்கி காங் ஆட்டம், அதே சிவப்பு இரும்புச் சட்டங்கள், மேலேயிருந்து அதே பீப்பாய்கள் உருண்டு வருகின்றன, ஆனால் கீழே நிற்பது மரியோ இல்லை. செல்டா ஆட்டத்தில் வரும் லிங்க். லிங்குக்குக் குதிக்கத் தெரியாது. பீப்பாய் வரும்போது தாண்ட முடியாமல் ஏணியில் ஏறி ஒதுங்கி, அது போனதும் இறங்கி, மறுபடி நடந்து மேலே போக வேண்டும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாம் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு இடத்தில் ஒரே ஒரு விதியை மாற்றிவிட்டால் எல்லாமே புதிதாகிவிடுகிறது. தேடிப் பார்த்தேன். அந்த ஆட்டம் என்இஎஸ் ரீமிக்ஸ், 2013 டிசம்பரில் டிவியில் மாட்டி ஆடும் நிண்டெண்டோவின் வீ யூ மெஷினுக்கு வந்தது. இரண்டாம் பாகம் 2014 ஏப்ரலில். இரண்டிலும் இருந்து பொறுக்கி எடுத்து, 16 பழைய ஆட்டங்களின் துண்டுகளை வைத்து அல்டிமேட் என்இஎஸ் ரீமிக்ஸ் என்று 2014 கடைசியில் கையடக்க 3டிஎஸ்ஸுக்கு விட்டார்கள். எங்கள் வீட்டில் டிவி அம்மாவின் சீரியலுக்கு உரியது, அதனால் கையடக்கம்தான் சரி என்று முடிவு செய்தேன். 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் இ-ஷாப் என்ற ஆன்லைன் கடையை 2023 மார்ச் 27ல் மூடிவிட்டார்கள், புதிதாக டவுன்லோடு வாங்க வழி இல்லை. கேசட்டாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் பழசு.

அலுவலகத்தில் இருந்து பர்மா பஜார் பத்து நிமிஷ நடை. பீச் ஸ்டேஷன் பக்கம் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு கடையில் நீல நிற 3டிஎஸ், மூடியில் லேசான கீறல், மற்றபடி சுத்தமாக இருந்தது. கடைக்காரர் ஆன் செய்து காட்டினார். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. என்னண்ணே இது என்றேன். “அது ஒண்ணும் இல்ல தம்பி, செட்டிங்ஸ்ல போய் இங்கிலீஷ் மாத்திக்கலாம், போனு மாதிரிதான்” என்றார். 9,000 சொன்னார், 7,000க்கு முடித்தேன். சார்ஜரும், அதை நம் பிளக்கில் சொருக ஒரு மாற்றுப் பின்னும் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஆன்லைனில் வேறு ஒருவரிடம் அல்டிமேட் என்இஎஸ் ரீமிக்ஸ் கேசட்டுக்கு 3,400 ரூபாய் அனுப்பிவிட்டேன். அந்த அவசரம்தான் என் முதல் தப்பு.

அன்று ராத்திரி சார்ஜரைச் சொருகினேன். சின்னதாக ஒரு ‘டப்’ சத்தம், அப்புறம் எரிந்த பிளாஸ்டிக் வாசனை. கழற்றிப் பார்த்தால் அடாப்டர் கை வைக்க முடியாத சூடு. அதன் முதுகில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அப்போதுதான் படித்தேன்: 100 வோல்ட். ஜப்பான் வீட்டு மின்சாரம் 100, அமெரிக்காவில் 120, நம்மிடம் 230. மாற்றுப் பின் என்பது துளைக்குத் தகுந்தபடி காலை மாற்றும், வோல்டேஜைக் குறைக்காது. இது எலெக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்களுக்குச் சாதாரணம், எனக்குத் தெரியவில்லை. நல்ல வேளை, அடாப்டரோடு போயிற்று, மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 350 ரூபாய்க்கு 3டிஎஸ் முனை வைத்த யூஎஸ்பி கேபிள் வாங்கினேன், இன்றுவரை அதில்தான் ஏற்றுகிறேன். வெளிநாட்டில் இருந்து வந்த எந்தப் பழைய மெஷினாக இருந்தாலும் பிளக்கில் வைப்பதற்கு முன் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் தைரியமாகச் சொருகலாம். 100 என்றோ 120 என்றோ மட்டும் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

சார்ஜ் ஏறியதும் இங்கிலீஷைத் தேடினேன். இரண்டு நாள் தேடினேன். போன் கேமராவை வைத்து ஒவ்வொரு பக்கமாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். இல்லவே இல்லை, ஏனென்றால் ஜப்பானுக்கென்று விற்ற 3டிஎஸ்ஸில் ஜப்பான் மொழி மட்டும்தான். ஐந்தாம் நாள் கேசட் வந்தது. நெஞ்சு படபடக்கப் போட்டேன். மெனுவில் கேசட் இருப்பதாகவே காட்டவில்லை. எடுத்தேன், துணியால் துடைத்தேன், சின்ன வயது பழக்கத்தில் ஊதவும் செய்தேன், மறுபடி போட்டேன். கேசட் கெட்டது என்று நினைத்து விற்றவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக, “உங்க மெஷின் எந்த ரீஜன் சார்?” என்று கேட்டார். அந்தச் சொல்லையே அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். அவரிடம் குரல் உயர்த்தியதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

விஷயம் இதுதான். 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் ரீஜன் லாக் உண்டு. ஜப்பான் மெஷினில் ஜப்பான் கேசட்தான் ஓடும், அமெரிக்க மெஷினில் அமெரிக்கக் கேசட், ஐரோப்பா, ஆஸ்திரேலியா சேர்ந்து ஒரு பிரிவு. இந்தியாவுக்கு என்று தனியாக எதுவும் இல்லை, இங்கே சுற்றும் மெஷின்கள் எல்லாம் துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ பெட்டியில் வந்தவை. அதனால் கடையில் நின்றுகொண்டே மூன்று இடம் பார்க்க வேண்டும். மெஷினைத் திருப்பினால் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண்ணை ஒட்டி அடைப்புக்குள் ஜேபிஎன், யூஎஸ்ஏ, ஈயூஆர் என்று ஒன்று இருக்கும். ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லுங்கள், மேல் திரையில் வெர்ஷன் எண் வரும், அதன் கடைசி எழுத்து ஜே என்றால் ஜப்பான், யூ என்றால் அமெரிக்கா, ஈ என்றால் ஐரோப்பா. மூன்றாவது, கேசட்டின் முகத்தில் உள்ள குறியீடு, அதன் வாலிலும் நாடு இருக்கும். மெஷினும் கேசட்டும் ஒத்துப்போனால் மட்டும் காசை எடுங்கள். சாஃப்ட்வேரை மாற்றி லாக்கை உடைத்துத் தருகிறேன் என்று ஒருவர் 1,500 கேட்டார். பாதியில் போனால் மெஷினே செத்துவிடும் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். “ஓடுது இல்ல, ஓடுற மெஷினத்தான் குடுத்தேன்” என்று முடித்துவிட்டார். பில் கிடையாது, என்ன பேச முடியும். அந்த மெஷினுக்கு ஜப்பான் கேசட்டே வாங்கிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது, இதே ஆட்டம் ஜப்பானில் ஃபேமிகாம் ரீமிக்ஸ் என்ற பேரில் உண்டு. ஆனால் இந்த ஆட்டத்தின் உயிரே ஒவ்வொரு சவாலுக்கும் முன்னால் வரும் ஒரு வரிக் கட்டளை. ‘எல்லா எதிரியையும் அடி’, ‘இத்தனை காசு எடு’, ‘கொடிக் கம்பத்தின் உச்சியைப் பிடி’. அது புரியாவிட்டால் எதற்காக ஓடுகிறோம் என்றே தெரியாது, புரிவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் நவம்பர் நடுவில் பெரம்பூரில் ஒருவரிடம் 9,500 கொடுத்து அமெரிக்க மெஷின் வாங்கினேன். இந்த முறை ஸ்டிக்கர், வெர்ஷன் எழுத்து, கேசட் போட்டு ஆடிப் பார்த்தது, எல்லாம் அவர் வீட்டு வாசலிலேயே. ஆக, ஒரு ஆட்டம் ஆட இதுவரை 20,250. மனைவியிடம் முழுக் கணக்கைச் சொல்லவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் ஆட்டத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒவ்வொரு சவாலும் ஐந்து நொடி, பத்து நொடி, மிஞ்சினால் ஒரு நிமிஷம். காளானைப் பிடி, ஆமையை உதை, முடிந்தது. பைக் ரேஸ் ஆட்டமான எக்ஸைட்பைக்கில் பி பட்டனை அழுத்தினால் வேகம் வரும், கூடவே இன்ஜின் சூடும் ஏறும், முழுக்க ஏறினால் வண்டி நின்றுவிடும். பாதையில் அம்புக்குறிகள் வரும், அவற்றின் மேல் ஓட்டினால் சூடு இறங்கும். சின்ன வயதில் அந்த அம்பு எதற்கு என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது, அழகுக்குப் போட்டது என்று நினைத்தோம். சவால் அதை ஒரே நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டது. முன்னறை அண்ணனிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவர் குடும்பத்தோடு எங்கோ போய் பல வருஷம் ஆகிறது.

டிசம்பர் புயல் வந்த அந்த இரண்டு ராத்திரியை மறக்க மாட்டேன். மிக்ஜாம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பவர் பேங்கில் அந்த 350 ரூபாய் கேபிளைச் சொருகி வைத்துக்கொண்டு நானும் அப்போது ஆறாவது படித்த என் மகளும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ஆடினோம். ஒரு சவாலில் திரை முழுக்க இருட்டு, மரியோவைச் சுற்றி மட்டும் ஒரு வட்ட வெளிச்சம், அடுத்த பள்ளம் எங்கே என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது. எத்தனை அடி ஓடினால் பள்ளம், எங்கே ஆமை திரும்பும், எல்லாம் விரலில் இருந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “எப்படிப்பா தெரியுது?” என்றாள். வெளியே மழை கொட்டுகிறது, வீடும் இருட்டு, திரையும் இருட்டு, அவள் முகத்தில் மட்டும் அந்தச் சின்ன வட்டத்தின் வெளிச்சம். அந்த நிமிஷத்துக்காக எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்றுதான் அன்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த நாள் அவள், முதல் கட்டத்தில் இருந்து கோட்டை வரைக்கும் மரியோ ஆடலாம்ப்பா என்றாள். அங்கேதான் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம். இதில் முழு ஆட்டங்கள் கிடையாது, இருப்பது துண்டுகள். மரியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடும் ஒரு தனி ஆட்டம் மட்டும் முழுசாக உண்டு, அதைக் குழந்தைகள் ஆடவே முடியாது. செல்டா, மெட்ராய்ட் மாதிரி மெதுவாகச் சுற்றித் திரிய வேண்டிய ஆட்டங்கள் துண்டாக வரும்போது, முன்பின் தெரியாதவர்களுக்கு ஒன்றுமே ஒட்டாது. எங்கள் தெருவில் அந்த இரண்டும் வந்ததே இல்லை, அதனால் எனக்கும் அவை கடைசிவரை வேற்று ஊர் போலத்தான் இருந்தன. மரியோ, டாங்கி காங், பலூன் ஃபைட், எக்ஸைட்பைக் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது விருந்து. ஒன்றுமே ஆடாதவர்களுக்கு வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் ஓரமாகப் போய்விடும்.

இன்னொன்றும் என்னைப் பல நாள் குழப்பியது. தெரிந்த இடத்தில்கூடக் கால் நொடி தாமதமாகக் குதித்தேன். முதல் காளான் எதிரியிடமே, கோடி தடவை தாண்டிய அதனிடமே, மோதிச் செத்தேன். வயசாகிவிட்டது, கை போய்விட்டது என்று உண்மையிலேயே மனசு உடைந்துவிட்டேன். பாட்டும் கொஞ்சம் அவசரமாக ஓடுவது போல் இருந்தது. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: நம் ஊர் டிவி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 தடவை திரை மாறும், நாம் ஆடிய நகல் பெட்டிகள் அதற்கு ஏற்ப ஓடின. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நொடிக்கு 60. மரியோ 60க்குச் செய்த ஆட்டம், அதை 50ல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். நாம் எல்லாரும் மெதுவான மரியோவில் பழகியவர்கள். ரீமிக்ஸ் அசல் வேகத்தில் ஓடுகிறது. இது தெரிந்ததும் மனசு லேசானது. முதல் வாரம் ஒவ்வொரு சவாலுக்கும் கொடுக்கும் நட்சத்திரக் கணக்கையே பார்க்காமல், தெரிந்த இடங்களைச் சும்மா ஓடி, கையை மறுபடி பழக்குங்கள். எனக்குப் பத்து நாள் பிடித்தது.

கை பழகியதும்தான் வினை ஆரம்பித்தது. ஒவ்வொரு சவாலுக்கும் மூன்று நட்சத்திரம் வரை உண்டு, ரொம்ப வேகமாக முடித்தால் அந்த மூன்றும் வானவில் நிறத்தில் மின்னும். எவ்வளவு நேரத்தில் முடித்தால் வானவில் என்று சொல்ல மாட்டார்கள். முடித்ததும் நேரம் வரும், போன தடவையைவிட அரை நொடி குறைவு. இன்னும் கொஞ்சம், இன்னொரு தடவை. மறுபடி தொடங்க ஒரு பட்டன் போதும், காத்திருப்பதே கிடையாது. முழு நீள ஆட்டத்தில் ஒரு கட்டம் முடிந்தால் மூச்சு விட ஒரு இடம் வரும், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கலாம். இதில் அந்த இடமே இல்லை, பத்து நொடிக்கு ஒருமுறை முடிவதால் எப்போதுமே முடியாது. சாப்பிட்டுவிட்டு பத்தரைக்கு ஒரே ஒரு சவால் என்று எடுப்பேன், “என்னங்க, மணி என்ன தெரியுமா?” என்று மனைவி எழுந்து வரும்போது ஒன்றரை ஆகியிருக்கும். எனக்கு அரை மணி நேரம் போனது போலத்தான் இருக்கும். அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வந்தது, நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். நான் பொய் சொல்லவில்லை, எனக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது.

ஜனவரியில் ஒரு திங்கள்கிழமை. நான் வேலை செய்வது சரக்கு கிளியரிங் அலுவலகத்தில், கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம், போட்டாக வேண்டும், பிந்தினால் முதல் மூன்று நாளைக்கு நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கட்டணம். ஞாயிறு ராத்திரி மூன்று மணி வரை ஒரே ஒரு பலூன் ஃபைட் சவாலில் இருந்தேன். காலையில் தலை கனத்துக்கிடந்தது. கப்பல் வரும் தேதியைத் தப்பாகப் படித்து, செவ்வாய்க்கிழமை போட வேண்டியதை புதன்கிழமைக்குத் தள்ளிவிட்டேன். 5,000 விழுந்தது. பதினாறு வருஷத்தில் நான் தவறவிட்ட முதல் பில் அது. முதலாளி திட்டவில்லை, “உடம்பு சரியில்லையாப்பா?” என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மெஷினில் ஆக்டிவிட்டி லாக் என்று ஒன்று இருப்பதைத் திறந்து பார்த்தேன். எந்த ஆட்டத்தை எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று அதுவே குறித்து வைக்கும். 94 மணி நேரம். இரண்டு மாதத்தில். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு நாள் சம்பளமில்லாமல் உழைத்திருக்கிறேன். இதே ஆட்டம் என்று இல்லை, 3டிஎஸ் யாரிடம் இருந்தாலும் வாரம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். நம் மனசில் ஓடும் கடிகாரத்தை இந்த மாதிரி விளையாட்டில் நம்பக் கூடாது.

பிப்ரவரியில் கை. இடது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக ஒரு வலி. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, ஃபைலைத் தூக்கினால் சுளீர் என்றது. 3டிஎஸ்ஸில் திசை காட்டும் பிளஸ் பட்டன் இடது பக்கம் கீழே இருக்கிறது, கட்டைவிரலை மடக்கிக் கீழே இழுத்துத்தான் அழுத்த வேண்டும், அதை ராத்திரிக்கு ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். எலும்பு டாக்டர் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார். கத்திவிட்டேன். தசைநாண் உறை வீங்கியிருக்கிறது, டி குவெர்வைன் என்று பேர், கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கு நிறைய வரும் என்றார். ஃபீஸ் 400, கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் 650, மாத்திரை 300. அலுவலகத்தில் விழுந்த 5,000ஐயும் சேர்த்தால் மொத்தம் 26,600. ஆறு வாரம் தொடக் கூடாது. வலி முதலில் லேசாக ஒரு இழுப்பாகத்தான் வரும், அன்றைக்கே நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். நான் மூன்று வாரம் அதன் மேலேயே ஆடினேன். விரல் அடியில் இழுப்பு தெரிந்தால் அன்றைக்கு அதோடு மெஷினை மூடிவிடுங்கள், நட்சத்திரம் எங்கேயும் ஓடிவிடாது.

ஸ்பிளின்ட் கழற்றிய பிறகு நான் செய்தது இதுதான். மெஷின் மகளின் அலமாரியில் இருக்கிறது, நான் கேட்டு வாங்க வேண்டும். ஒருநாளைக்கு இருபது நிமிஷம், அதுவும் போன் அலாரம் வைத்து, அலாரம் கைக்கு எட்டாத இடத்தில், எழுந்துபோய் அணைக்கிற மாதிரி. ஒரு சவாலுக்கு ஐந்து தடவைக்கு மேல் கிடையாது, ஐந்தில் வராவிட்டால் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இல்லவே இல்லை. இதில் ஒரு ஆச்சரியம், ஐந்து தடவைதான் என்று வைத்த பிறகு எனக்கு வானவில் அதிகமாக வருகிறது. பலூன் ஃபைட்டில் மூன்று மணி வரை விடாமல் முயன்று வராதது, ஒரு ஞாயிறு காலை நாலாவது தடவையில் வந்தது. தூங்கி எழுந்த கைக்கும் தூங்காத கைக்கும் அவ்வளவு வித்தியாசம்.

இனிமேல் புதிதாக வாங்குகிறவர்கள் பழைய மெஷினைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலையில் நிண்டெண்டோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ஸ் என்இஎஸ் எடிஷன் என்று நிண்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினுக்கு வந்திருக்கிறது. ரீமிக்ஸைச் செய்த இண்டீஸ்ஜீரோ என்ற கம்பெனி செய்ததுதான், 13 பழைய ஆட்டங்கள், 150க்கும் மேல் சவால்கள். ஸ்விட்சுக்கு ரீஜன் லாக் கிடையாது, எந்த நாட்டுக் கேசட்டும் ஓடும், மொழியையும் மாற்றலாம். அதோடு வரும் அடாப்டர் 100-240. ராயபுரத்தில் நண்பன் வீட்டில் ஆடிப் பார்த்தேன். லிங்க் டாங்கி காங்கில் நடப்பது போன்ற கலப்படங்கள் அதில் இல்லை, நேரத்தோடு ஓடும் பந்தயம் மட்டும்தான், அது எனக்குக் குறையாகத்தான் பட்டது. டிவியில் ஆடுவதாக இருந்தால் டிவி செட்டிங்ஸில் கேம் மோடைப் போடுங்கள், இல்லாவிட்டால் பட்டனை அழுத்துவதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவில் ஒரு இழுவை தெரியும். நண்பன் ஒரு மாதம் அந்த இழுவையோடு ஆடிவிட்டு கன்ட்ரோலர்தான் சரியில்லை என்று புதிதாக ஒன்று வாங்கியிருந்தான். 3டிஎஸ்தான் வேண்டும் என்றால் இதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள், 2024 ஏப்ரலோடு அதன் ஆன்லைன் சேவை நின்றுவிட்டது, மற்றவர்கள் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியல் இப்போது வேலை செய்யாது.

டீக்கடையில் பேசிய அந்தத் தம்பியோடு அடுத்த நாள் மதிய இடைவேளையில் நானும் பர்மா பஜாருக்குப் போனேன். மெஷினைத் திருப்பிப் பார்த்தோம், ஜேபிஎன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு வந்தார். என் நீல மெஷின் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. ஜப்பான் மொழி படிக்கிற யாராவது வடசென்னையில் இருந்தால், 3,000க்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், அடாப்டர் இல்லாமல், கேபிளோடு.